நாற்காலிக்கு அடியில் ஒரு சாண் கம்பு

முட்டையிடும் பெட்டியில் கோழி தூங்கக் கூடாது. இதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள் என்றே நினைக்கிறேன். முட்டையிட ஒரு இடம், தூங்க ஒரு இடம். கோழி ராத்திரி முழுக்க எச்சமிட்டுக்கொண்டே தூங்கும் பிராணி. கம்பில் உட்கார்ந்து தூங்கினால் எச்சம் கீழே விழும். காலையில் கூட்டி அள்ளிவிடலாம். பெட்டிக்குள் தூங்கினால் வைக்கோல் பாழ். மறுநாள் இடுகிற முட்டை அதில் புரண்டு, எடுக்கிற கை கூசும்படி வரும். நான் செய்த காரியம் இந்தச் சின்ன நியாயத்தில்தான் ஆரம்பித்தது. அதற்குப் பிறகும் நியாயத்தை விட்டு நான் எங்கும் விலகியதாகத் தெரியவில்லை.

கோழிகள் என் கணவருடையவை. அவர் பஸ் ஓட்டுநர். ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் பழைய பலகைகளை அடித்து ஒரு கூண்டு செய்தார். உள்ளே சுவரோரம் முட்டைப் பெட்டிகள்; குறுக்கே, தூங்குவதற்கு ஒரு கம்பு. நாலு கோழிகள். பெயர் வைத்ததும் அவர்தான். எந்நேரமும் கத்திக்கொண்டு மற்றவற்றை உள்ளே தள்ளுவது கண்டக்டர். ஓசையில்லாமல் பின்னால் வந்து நிற்பது செக்கிங். கூண்டு வாசலிலேயே ஒற்றைக் காலில் தொற்றிக்கொண்டிருப்பது ஃபுட்போர்டு. தின்றுவிட்டு நகராமல் கிடப்பது டிப்போ. பொழுது சாய்ந்தால், "எல்லாரும் உள்ள போங்க, ரைட்" என்று குரல் கொடுப்பார். நாலும் வரிசையாக ஏறிக் கம்பில் உட்காரும். நான் கூப்பிட்டால் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்காது.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவளாக வேலை பார்த்தவள். இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இல்லையென்றால் என் கண் அங்கேயே நின்றுவிடும். இது குணம் அல்ல, பயிற்சி. இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் மத்தியானத் தூக்கம் கூடத்தில் இருக்கும் பிரம்பு நாற்காலியில்தான். ஜன்னலைப் பார்த்துப் போட்டிருக்கும். அங்கிருந்து கூண்டு தெரியும். ஒருநாள் காபி கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அங்கிருந்தே, "ஆறிப்போகுது, எழுந்திருங்க" என்றேன். பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். பிறகு, போட்ட காபியை ஆற வைப்பதே உங்களுக்கு ஒரு தொழில் என்று திட்டினேன். அந்தத் திட்டு அவர் காதில் விழுந்திருக்காது என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அவ்வளவு பெரிய மனிதர் விட்டுப்போன அடையாளம் அந்த நாற்காலியில் இருக்கிற பள்ளம் ஒன்றுதான். பிரம்பு அவர் உடம்புக்கு ஏற்றபடி தொய்ந்திருந்தது. தலை சாய்க்கும் இடத்தில் சவரச் சோப்பு வாசனை. போட்டோக்கள் இருக்கின்றன, ஆனால் போட்டோவில் அவர் யாரோ ஒரு விறைத்த ஆள். பள்ளத்தில்தான் அவர் அவராக இருந்தார். அதை யாரும் கலைக்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு வீட்டில் ஒரு பொருளை ஒருத்தி அப்படி வைத்துக்கொள்வது பெரிய ஆசை இல்லை.

அண்ணி வந்தார். என் கணவரின் அக்கா. ஆஸ்பத்திரி வார்டில் காலமெல்லாம் நர்ஸாக இருந்தவர். அக்கா தம்பி இரண்டு பேருக்கும் ஒரே உடல்வாகு, ஒரே குறட்டை. "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்" என்று ஒரு பையோடு வந்தவருக்குச் சின்ன அறையில் கட்டில் போட்டு, புது விரிப்பு விரித்து, தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருக்கிறார். போதாததற்கு நாற்காலியைத் திருப்பியும் போட்டிருந்தார். ஜன்னலைப் பார்த்து இருந்தது, இப்போது என் படுக்கையறை வாசலைப் பார்த்து இருந்தது.

"கட்டில் சரியில்லையா அண்ணி?"

"கட்டிலுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. எனக்கு உக்காந்து தூங்கித்தான் பழக்கம்."

அவர் எழுந்ததும் போய்ப் பார்த்தேன். பள்ளம் கொஞ்சம் இடப்பக்கம் சரிந்திருந்தது. சவரச் சோப்பின் மேல் ஏதோ ஒரு வலித் தைலம் ஏறியிருந்தது. நாற்காலியைத் திருப்பி ஜன்னல் பக்கம் போட்டேன். மறுநாள் காலையில் அது மறுபடியும் என் வாசலைப் பார்த்து நின்றது.

ஏறக்குறைய அதே சமயத்தில்தான் கோழிகளும் கெட்டுப்போயின. மனம் எதிலாவது ஈடுபட வேண்டும் என்று கூண்டை ஒருநாள் கழுவிச் சுத்தம் செய்தேன். மூலையில் ஒரு தகர டப்பாவில் கறுப்பு எண்ணெயும் தேய்ந்த பிரஷ் ஒன்றும் இருந்தன. பஸ் பணிமனையிலிருந்து கேட்டு வாங்கிவரும் கழிவு எண்ணெய். அதை அவ்வப்போது கம்பின் முனைகளில் தடவிக்கொண்டிருப்பார். சட்டையெல்லாம் கறையாக்கிக்கொண்டு வருவார். அதற்காக எத்தனையோ சண்டை. டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். கொஞ்ச காலம் கழித்து, நாலு கோழிகளும் கம்பை விட்டு இறங்கிப் பெட்டிக்குள் தூங்க ஆரம்பித்தன.

முட்டைகள் வந்த கோலத்தைப் பார்த்து அண்ணி முகம் சுளித்தார். "வார்டுல கூட இந்த அழுக்கை நான் பாத்ததில்ல" என்று ஒவ்வொன்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்தார். இரண்டு உடைந்தன. அதற்கும் கோழியைத்தான் திட்டினார்.

தீவனக் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். எடை போடுவதை நிறுத்தாமலே விசாரித்தார்.

"பெட்டி ஒசரமா, கம்பு ஒசரமாம்மா?"

"ரெண்டும் ஒரே மட்டம்தான்."

"அதான். எது ஒசரமோ அதுதான் கோழிக்குப் படுக்கை. கம்பை ஏத்திக் கட்டுங்க. பொழுது சாயுறப்ப பெட்டி வாயை ஒரு அட்டை வெச்சு மறைச்சிடுங்க. அப்பவும் போய்ப் படுத்தா, தூங்கினதும் தூக்கிக் கம்புல வெச்சிடுங்க. கொஞ்ச நாள்ல பழகிடும்."

"பழகலைன்னா?"

"கோழிதானேம்மா. எவ்வளவு பிடிவாதம் பிடிச்சிடப் போகுது?"

வீடு வரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கோழிகளைப் பற்றி மட்டும் யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். இதற்குமேல் எதையும் மறைக்க விருப்பமில்லை.

முதலில் அட்டை. பெட்டி வாயை மறைத்ததும் கோழிகள் அட்டைக்கு முன்னால் தரையில் படுத்துக்கொண்டன, கடை திறக்கக் காத்திருப்பவர்கள் மாதிரி. நாற்காலி மேல் பழைய பேப்பர் கட்டுகளை அடுக்கி வைத்தேன். அண்ணி கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்து, இருக்கையைத் துணியால் துடைத்து, உட்கார்ந்துகொண்டார். "இதையெல்லாம் கடையில போடாம ஏன் சேத்து வெச்சிருக்க? கரப்பான் வரும்" என்று எனக்குப் புத்தியும் சொன்னார்.

பிறகு உயரம். கம்பை ஏற்றிக் கட்டினேன். கோழிகள் ஏறி, சற்று நேரம் காலை மாற்றி மாற்றி வைத்துவிட்டு, குதித்து இறங்கிப் பெட்டிக்குப் போயின. சின்ன அறைக் கட்டிலில் இன்னும் இரண்டு மெத்தைகளைப் போட்டேன். அண்ணி அதன் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏம்மா, இதுல ஏற ஏணி வேணுமே. உருண்டு விழுந்தா யாரு தூக்குறது, நீயா?"

என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரித்தார். தம்பி செத்த வீட்டில் அவர் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். நானும் சிரித்திருக்க வேண்டும். வாய் அந்தப் பக்கம் போகவில்லை.

மூன்றாவது, தூக்கி வைப்பது. டிப்போவைத் தூக்கும்போதே எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அண்ணி விஷயத்தில் தோளைத் தொடுவதோடு நிறுத்திக்கொண்டேன். "அண்ணி, உள்ள போய்ப் படுங்க" என்றேன். கண்ணைத் திறக்காமலே, "எனக்கு டூட்டி இருக்கு. நீ போய்த் தூங்கு" என்றார். பாவம், ஆஸ்பத்திரிக் கனவு என்று நினைத்துக்கொண்டேன்.

கோழி விஷயத்தில் விடை தற்செயலாகத்தான் கிடைத்தது. கம்பு வழுவழுப்பாக இல்லையோ என்று நினைத்து, ஒரு பகல்வேளையில் அதைக் கழற்றினேன். சுவர்ப் பலகையை ஒட்டிக் கட்டியிருந்த முனை முழுக்கச் சாம்பல் பூசியது போல் இருந்தது. உற்றுப் பார்த்தால் அந்தச் சாம்பல் நடந்தது. ஒரு விரலால் அழுத்தினேன். விரல் நுனி சிவப்பாயிற்று.

ஒரு பழைய பாட்டிலில் கொஞ்சம் தட்டி எடுத்துக்கொண்டு போய்த் தீவனக் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் பாட்டிலைத் தொடவே இல்லை.

"கோழிப்பேன். மூடுங்கம்மா, மூடுங்க. பகல்ல மர இடுக்குல கிடக்கும், ராத்திரி கிளம்பி வந்து ரத்தம் குடிக்கும். கம்புல உக்காந்தா கடிக்குது, அதான் பாவம் பெட்டிக்கு ஓடியிருக்குங்க. ஐயா எண்ணெய் தடவுவாரே, நிறுத்திட்டீங்களா?"

"டப்பா காலியாயிடுச்சு" என்றேன். அது அவ்வளவாகப் பொய் இல்லை.

"கம்பை எரிச்சிடுங்க. புதுசா ஒண்ணு போட்டு முனையில எண்ணெய் தடவுங்க. பாத்து எடுங்க, மனுஷனையும் கடிக்கும். உடம்புல தங்காது, ஆனா கடிச்ச இடம் அரிச்சுக் கொட்டும்."

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. கோழிகள் பிடிவாதம் பிடிக்கவில்லை. தூங்குகிற இடத்தில் ஏதோ கடித்தது, எழுந்து வேறு இடம் போயின. யாராக இருந்தாலும் அப்படித்தான் போவார்கள். உயர்த்துவதும் மறைப்பதும் தூக்குவதும் வீண் வேலை. ஓர் இடத்தை விட்டு ஒருவர் எழுந்து போக வேண்டுமானால், அங்கே கடிப்பதற்கு ஏதாவது இருந்தால் போதும். சத்தம் இல்லை, சண்டை இல்லை, யாருக்கும் மனவருத்தம் இல்லை.

கம்பை எரித்தேன். முழுவதையும் அல்ல. பேன் அடர்ந்திருந்த முனையில் ஒரு சாண் நீளத்துக்கு ரம்பத்தால் அறுத்து எடுத்துக்கொண்டேன். அண்ணி குளிக்கப் போயிருந்தபோது நாற்காலியைக் கவிழ்த்து, இருக்கைக்கு அடியில் பிரம்புச் சட்டத்தோடு சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டினேன். வெளியே தெரியவில்லை. முடிச்சுகூட நேர்த்தியாக விழுந்தது. நிமிர்த்தி வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து, அண்ணிக்கு இரண்டு முட்டை வேகவைத்தேன். அவருக்கு மஞ்சள் கரு கொஞ்சம் இளக்கமாக இருக்க வேண்டும், அப்படியே எடுத்தேன். அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முதலில் கழுத்தில் சொறிந்தார். பிறகு இடுப்பு, பிறகு முழங்கைகள். சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. கொசு என்றார். ஜன்னலை மூடினார். வெந்நீரில் குளித்தார். கொண்டுவந்த துணிகளையெல்லாம் பெரிய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தார். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கோழிகூட இரண்டாம் ராத்திரியே இடத்தை மாற்றிவிடும். இவர் காலையில் வீங்கிய கழுத்தோடு எழுந்து, முதல் காரியமாக என் அறைக்குள் எட்டிப் பார்த்து, "நல்லாத் தூங்கினியா?" என்பார்.

நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. அண்ணி தன் தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்து வைத்துக்கொண்டார். மத்தியானங்களில் என் தலையை மடியில் இழுத்துப் போட்டு நெற்றியை அழுத்திவிடுவார். கேட்காமலே செய்வார், எனக்கும் வேண்டாம் என்று சொல்லத் தோன்றியதில்லை. அதை நிறுத்திவிட்டார். கிட்டே போனால் இரண்டடி தள்ளி நின்றார்.

"எனக்குச் சொறி வந்திருக்கும்மா. எத்தனை பேருக்கு மருந்து தடவி விட்டிருப்பேன், ஊருக்கெல்லாம் சுத்தத்தைப் பத்திப் பாடம் எடுத்தவ நான். வெளிய சொன்னா வெக்கம். உனக்கு ஒட்டிக்கும். நான் கிளம்புறேன்."

"இருங்க அண்ணி" என்றேன். மரியாதைக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"நீ சாப்பிடறதே கோழி கொத்துற மாதிரி. உடம்புல ஒண்ணும் இல்ல. இது வேற வந்தா தாங்க மாட்ட." பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பிக் கூடத்தைப் பார்த்தார். நாற்காலியைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது அதற்கு எதிரே இருந்த என் அறைக் கதவை. "ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போடாத" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைத் தொடாமல் போனார்.

அன்றைக்கே நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினேன்.

கூண்டில் புதுக் கம்பு போட்டு, முனைகளில் எண்ணெய் தடவினேன். பணிமனையில் போய்ப் பெயரைச் சொன்னதும் டப்பா நிறையக் கொடுத்தார்கள். பொழுது சாய்ந்ததும், "எல்லாரும் உள்ள போங்க, ரைட்" என்று சொல்லிப் பார்த்தேன். போயின. கண்டக்டர் மட்டும் படியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தது, டிரைவர் மாறியதைக் கவனித்த மாதிரி. பிறகு அதுவும் கம்பில் ஏறிக்கொண்டது. முட்டைகள் இப்போது பளிச்சென்று வருகின்றன.

சில நாள் கழித்து அண்ணியின் மகள் போன் செய்தாள்.

"அத்தை, அம்மாவைத் தோல் டாக்டர்கிட்ட காட்டினேன். சொறியே இல்லையாம். கோழிப்பேன் கடியாம். அம்மா கோழி பக்கமே போக மாட்டாங்களே, எப்படி வந்துச்சு?"

"நாற்காலி பழசு" என்றேன். "பழைய சாமான்ல எதுவும் இருக்கும்."

"நாற்காலியில கோழியா தூங்குது?"

அதற்குள் அண்ணி போனை வாங்கிக்கொண்டார்.

"கோழிங்க இப்ப எங்க தூங்குது?"

"கம்புல, அண்ணி."

"நீ?"

"கட்டில்ல."

அவர் அதைத் திருத்தவில்லை. குரலில் கோபமும் இல்லை. வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்துவிடக் கூடாது என்று பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினார்.

"நான் அங்க இருந்தப்ப, நீ தினமும் தூக்கத்துல பேசுவ. 'காபி ஆறிப்போகுது, எழுந்திருங்க, எழுந்திருங்க'ன்னு. ஒரேயடியா கூப்பிடுவ. எழுப்பக் கூடாது, எழுப்பினா நெஞ்சு படபடக்கும். அதனால நாற்காலியில இருந்தே, 'எழுந்துட்டேன், குடிச்சிட்டேன்'னு தம்பி குரல்ல சொல்லுவேன். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே குரல்தானே. உடனே அடங்கிடுவ. கட்டில்ல படுத்தா எனக்கு அது கேக்காது. இப்ப யாரு சொல்றா?"

நான் தூக்கத்தில் பேசுகிறவள் அல்ல. நாளெல்லாம் மற்றவர்களின் எழுத்தை வாய்க்குள்ளேயே படித்துப் பழகியவளுக்குச் சத்தமாகப் பேசும் வழக்கமே கிடையாது. அண்ணிக்கு வயதாகிவிட்டது, வார்டில் கேட்டதை எல்லாம் இங்கே கேட்டதாக நினைக்கிறார். அதைத்தான் அவரிடம் சொல்ல நினைத்தேன். "உடம்பைப் பாத்துக்கங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

கேட்கிறவர்களுக்காக முழுதாகச் சொல்லிவிடுகிறேன். கம்பைக் கட்டியது நான். அது கடிக்கும் என்று தெரிந்து கட்டினேன். அவர் தனித் தட்டில் சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அந்த ஒரு சாண் கம்பு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. யாராவது விருந்தாளி வந்தால் இடம் காலியாக இருக்க வேண்டுமே என்றுதான் அவிழ்க்கவில்லை. என் கழுத்திலும் முழங்கையிலும் இருப்பது வறட்சி. இந்த வயதில் எல்லாருக்கும் வரும்.

நாற்காலியை மறுபடியும் என் அறை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருக்கிறேன். ஜன்னல் வழியாகக் கண்ணில் வெளிச்சம் அடிக்கிறது, அதனால். பொழுது சாய்ந்து கோழிகளை அடைத்துவிட்டு வந்ததும் அதில் போய் உட்காருவேன். காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்காருகிறேன். இதுவரை அந்த அறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அண்ணி சொன்னது தவறு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இப்போது அந்த நாற்காலியில் யாரும் தூங்குவதில்லை. நான் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். விடிந்ததும் எழுந்துவிடுகிறேன்.